ஒரே வினைச்சொல், இரண்டு எழுத்துக்கூட்டல்: எதைத் திருத்துவது, எதை விட்டுவிடுவது?

ஆங்கில நூல்களுக்கு மெய்ப்புப் பார்க்கும் வாசகி ஒருவர் நீளமான கடிதம் எழுதியிருக்கிறார். அவர் யார் என்று தெரியாதபடி சுருக்கித் தருகிறேன்.

பழைய கடற்பயணங்களைப் பற்றிய ஓர் ஆய்வு நூல் அவரிடம் வந்தது. எழுதியவர் ஓய்வுபெற்ற வரலாற்றுப் பேராசிரியர். நூலில் பாதி அவருடைய சொந்த நடை. மீதி, 18-ஆம் நூற்றாண்டு மாலுமிகளின் கடிதங்களிலிருந்தும் கப்பல் நாட்குறிப்புகளிலிருந்தும் எடுத்த மேற்கோள்கள். பதிப்பகம் பிரிட்டிஷ் எழுத்துக்கூட்டலைப் பின்பற்றுகிறது. வாசகி பிரதி முழுவதையும் ஒரே சீராக்க நினைத்திருக்கிறார். ஃபோகஸ், பெனிஃபிட் ஆகிய வினைகளின் இறந்தகாலத்தில் பேராசிரியர் இரட்டித்திருந்த எழுத்தை ஒற்றையாக்கினார். ‘லெர்ன்ட்’, ‘பர்ன்ட்’, ‘ஸ்மெல்ட்’ போன்றவற்றை ‘-இ-டி’ முடிவுக்கு மாற்றினார். ‘ஐ-இஸட்-இ’ என்று முடிந்த வினைகளை அமெரிக்க வழக்கு என்று கருதி, கணினியின் ‘ஃபைண்ட் அண்ட் ரீப்ளேஸ்’ மூலம் ஒரே அடியாக ‘ஐ-எஸ்-இ’ ஆக்கினார். மாலுமிகளின் மேற்கோள்களில் இருந்த விநோதமான எழுத்துக்கூட்டல்களையும் இன்றைய வழக்குக்குக் கொண்டுவந்தார்.

பேராசிரியர் கொதித்துப் போனார். “தொட்டதையெல்லாம் பழையபடி ஆக்கித் தராவிட்டால் நூலைத் திரும்பப் பெறுவேன்” என்று எழுதிவிட்டார். ஒரு வாரத்துக்குள் எழுத்துபூர்வமாக விளக்கம் தரும்படி மேலாளர் வாசகியிடம் கேட்டிருக்கிறார். “நான் அகராதியைப் பார்த்துத்தானே திருத்தினேன்? தவறாக எழுதியது அவர், விளக்கம் தர வேண்டியது நானா? இதற்காக வேலை போய்விடுமா?” என்று கேட்கிறார்.

பதிலுக்கு முன் ஒரு சின்னக் குறிப்பு. எழுத்துக்கூட்டலைக் காட்ட ஆங்கில எழுத்துகளின் பெயரையே சொல்கிறேன். ‘டி’ என்றால் நான்காம் எழுத்து, ‘டீ’ என்றால் இருபதாம் எழுத்து. பக்கத்தில் ஒரு தாளை வைத்து எழுதிப் பார்த்துக்கொண்டே படித்தால் சிரமம் இருக்காது.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் எங்கேயும் அலட்சியம் தெரியவில்லை. பிரதியை ஒழுங்காகக் கொடுக்க வேண்டும் என்ற அக்கறைதான் தெரிகிறது. ஆனால் நீங்கள் செய்த திருத்தங்களில் சில சரியானவை, சில தேவையற்றவை, சில நூலுக்கே கேடு செய்யக்கூடியவை. எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி ‘நான் செய்தது சரியா, தவறா’ என்று கேட்கிறீர்கள். பேராசிரியரும் அந்த மூட்டையை அப்படியே திருப்பிக் கேட்கிறார். மூட்டையைப் பிரித்துப் பார்த்தால்தான் இருவருக்கும் வழி பிறக்கும்.

மேற்கோள்களை உடனே பழையபடி ஆக்குங்கள்

இதில் பேராசிரியர் பக்கம்தான் நியாயம். பேசி முடிவெடுக்க இதில் எதுவும் இல்லை. ‘நங்கூரம் பாய்ச்சினோம்’ என்று சொல்லுமிடத்தில் ஒரு மாலுமி ‘ட்ராப்’ என்பதன் இறந்தகாலத்தை டி-ஆர்-ஓ-பி-டீ என்று எழுதியிருந்தார், அதை நீங்கள் இன்றைய வடிவத்துக்கு மாற்றினீர்கள் என்கிறீர்கள். அவர் எழுத்தறியாமல் அப்படி எழுதவில்லை. ‘பி’, ‘கே’, ‘எஸ்’ போன்ற ஒலிகளில் முடியும் வினைக்குப் பின்னால் நாம் ‘இ-டி’ என்று எழுதினாலும், வாயில் வருவது ‘டீ’யின் ஒலிதான். காதில் விழுந்ததை அப்படியே எழுதுவது அந்தக் காலத்தில் கற்றவர்களிடமும் இருந்த வழக்கம். ‘ஸ்டெப்’, ‘ஸ்டாப்’, ‘கிஸ்’, ‘மிக்ஸ்’ ஆகிய வினைகளையும் இப்படி ‘டீ’ போட்டு முடித்த அச்சு நூல்கள் ஏராளம். 19-ஆம் நூற்றாண்டுக் கவிஞர்கள்கூட இவற்றைக் கைவிடவில்லை.

இந்த வடிவங்களுக்கு மறுவாழ்வு தர அரசு அளவிலேயே ஒரு முயற்சி நடந்தது. 1906-இல் அமெரிக்காவில் எளிய எழுத்துக்கூட்டல் வாரியம் ஒன்று தொடங்கப்பட்டது. பணம் கொடுத்தவர் தொழிலதிபர் ஆண்ட்ரூ கார்னெகி. வாரியம் வெளியிட்ட 300 சொற்கள் கொண்ட பட்டியலில் ‘ட்ராப்’, ‘கிஸ்’, ‘மிக்ஸ்’ போன்றவற்றின் ‘டீ’ வடிவங்கள் இருந்தன. அந்த ஆகஸ்டில் குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட், அரசு அச்சகம் இந்தப் பட்டியலைப் பின்பற்ற வேண்டும் என்று உத்தரவிட்டார். பத்திரிகைகள் கேலி செய்தன, நாடாளுமன்றமும் எதிர்த்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. ஒரு நாட்டின் தலைவரே பரிந்துரைத்த வடிவத்தை ஒரு மாலுமியின் பிழை என்று நாம் ஒதுக்கிவிட முடியாது.

‘ஷோ’ என்ற வினையை எஸ்-எச்-இ-டபிள்யூ என்று எழுதுவதும் இப்படித்தான். உங்களுக்கு அது அச்சுப்பிழையாகத் தெரிந்திருக்கிறது. 17-ஆம் நூற்றாண்டு பைபிள் மொழிபெயர்ப்பில் அது நிறைய வருகிறது. 20-ஆம் நூற்றாண்டில் எழுதிய நாடகாசிரியர் பெர்னார்ட் ஷா கடைசிவரை அதையே பிடித்துக்கொண்டிருந்தார். ‘டர்ன்’, ‘லவ்’ போன்ற வினைகளின் இறந்தகாலத்தில் ‘இ’யை எடுத்துவிட்டு அங்கே மேற்குறி (அபாஸ்ட்ரஃபி) போடும் பழக்கமும் உங்கள் மேற்கோள்களில் இருக்கிறது. அந்த உயிரெழுத்து அங்கே ஒலிக்கவில்லை என்பதற்கான அடையாளம் அது. இந்தப் பழக்கத்தைக் கண்டித்து எழுத்தாளர் ஜொனாதன் ஸ்விஃப்ட் 1712-லேயே அச்சில் புலம்பியிருக்கிறார். ஒரு கடிதம் எந்தக் காலத்தது, எழுதியவர் எப்படிப் பேசினார் என்று ஆராய்பவர்களுக்கு இந்த மேற்குறி ஒரு தடயம். அதைத் துடைத்துவிட்டால் மேற்கோள் சான்றாக நிற்காது.

இன்னொரு சொல் இன்னும் நுட்பமானது. ‘இரண்டு நாள் தங்கினோம்’ என்ற பொருளில் எஸ்-டீ-ஏ-ஐ-டி என்று வந்திருந்தது என்கிறீர்கள். இன்றைக்கு அது ‘அடக்கமான, நிதானமான’ என்ற பொருள்தரும் பெயரடை. அதனால் கணினி அதன்கீழ் சிவப்புக்கோடு போடாது. நீங்களே கண்டுபிடித்து மாற்றியிருக்கிறீர்கள் என்றால் உங்கள் கண் கூர்மையானது. ஆனால் ‘தங்கினோம்’ என்பதை அந்தக் காலத்தில் அப்படி எழுதுவது சகஜம். அதுவும் பழையபடி திரும்பட்டும்.

“வாசகருக்குக் குழப்பம் வராதா?” என்று கேட்கிறீர்கள். வரலாம். அதற்கு வழி, முன்னுரையில் ‘மேற்கோள்களில் மூல எழுத்துக்கூட்டல் காக்கப்பட்டுள்ளது’ என்று ஒரு வரி சேர்ப்பது. ஒவ்வொரு சொல்லுக்கும் அருகே ‘மூலத்தில் இப்படித்தான்’ என்று அடைப்புக்குறி போட்டுக்கொண்டே போனால் பக்கம் முள்வேலி மாதிரி ஆகிவிடும். பொருளே மாறிப்போகும் இடங்களில் மட்டும் அந்தக் குறி போதும். மேற்கோள்களை இன்றைய வழக்குக்கு மாற்றி வெளியிடும் பதிப்புகளும் உண்டு, அது ஒரு நேர்மையான முறைதான். ஆனால் அந்த முடிவு நூலாசிரியருடையது, அதையும் முன்னுரையில் சொல்லிவிட வேண்டும்.

கீல் பூசிய கப்பலும் கூலி கொடுத்த கப்பலும்

‘பே’ என்ற வினையின் இறந்தகாலத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது பேராசிரியரின் சொந்த நடையிலும் வருகிறது. பி-ஏ-ஒய்-இ-டி என்று கண்டதும் பள்ளிக்கூடப் பிழை என்று நினைத்து பி-ஏ-ஐ-டி ஆக்கிவிட்டீர்கள். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது இடங்களில் அது சரியான திருத்தம்தான். பணம் கொடுத்தல் என்றால் ‘ஐ’தான் வரும். ஆனால் கப்பல் பலகைகளின் இடுக்கில் நீர் புகாமல் இருக்கக் கீல் (தார்) பூசுவதற்கும் ஆங்கிலத்தில் ‘பே’ என்றுதான் பெயர். வேறு வேரிலிருந்து வந்த வேறு சொல் அது. அதன் இறந்தகாலம் ‘ஒய்-இ-டி’யுடன் எழுதப்படும். கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக இளக்கி விடுவதைச் சொல்லும்போதும் ‘ஒய்’ வடிவம் உண்டு. பேராசிரியர் எழுதியது சரி. அவர் கோபத்தில் கணிசமான பங்கு இந்த ஒரு சொல்லால் வந்திருக்கும் என்று நினைக்கிறேன். கப்பலின் இடுக்குகளுக்குக் கூலி கொடுத்ததாக அச்சாகிவிட்டால், கடல் வரலாறு தெரிந்தவர்கள் முன்னால் அவருக்குத்தானே தலைகுனிவு?

இரட்டிப்பதா, ஒற்றையா?

இங்கே நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

அடிப்படை விதி உச்சரிப்பின் அழுத்தத்தைப் பொறுத்தது. ஒற்றை உயிரெழுத்தும் ஒற்றை மெய்யெழுத்துமாக முடியும் வினையில், அழுத்தம் கடைசி அசையில் விழுந்தால் அந்த மெய் இரட்டிக்கும். ‘அக்கர்’ என்ற வினையில் அழுத்தம் கடைசியில் இருப்பதால் ‘ஆர்’ இரண்டாகும். ‘ஆஃபர்’ என்பதில் அழுத்தம் முதல் அசையில், அதனால் ‘ஆர்’ ஒன்றுதான். இந்த விதிப்படி ‘ஃபோகஸ்’, ‘பெனிஃபிட்’ இரண்டுக்கும் அழுத்தம் முதல் அசையில் என்பதால் இரட்டிப்பு தேவையில்லை. உங்கள் திருத்தம் விதிக்கு உட்பட்டதே.

ஆனால் விதி இவ்வளவு சுத்தமாக எப்போதும் நடப்பதில்லை. ‘வொர்ஷிப்’, ‘கிட்நாப்’, ‘ஹேண்டிகேப்’ மூன்றிலும் அழுத்தம் கடைசியில் இல்லை, ஆனாலும் பிரிட்டிஷ் வழக்கில் ‘பி’ இரட்டிக்கிறது. அமெரிக்க அகராதியான மெரியம்-வெப்ஸ்டர், ‘வொர்ஷிப்’, ‘கிட்நாப்’ இரண்டுக்கும் ஒற்றை, இரட்டை இரண்டு வடிவங்களையும் தருகிறது. ‘ஃபார்மட்’ என்ற புதிய வினைக்கு எல்லா இடத்திலும் ‘டீ’ இரட்டிக்கிறது. ‘எல்’ இன்னும் தனிப்போக்கு. ‘ட்ராவல்’, ‘கேன்சல்’, ‘சிக்னல்’ போன்றவற்றில் அழுத்தம் எங்கே விழுந்தாலும் பிரிட்டிஷ் வழக்கு ‘எல்’லை இரட்டிக்கும், அமெரிக்க வழக்கு இரட்டிக்காது. இந்தப் பிரிவை நிலைநாட்டியதில் 1828-இல் வெளியான நோவா வெப்ஸ்டரின் அகராதிக்குப் பெரிய பங்கு உண்டு.

கரையோரமாக இணையாகச் சென்ற கப்பலைப் பற்றிய வாக்கியத்தில் ‘பேரலல்’ என்பதன் இறந்தகாலத்துக்கும் கடைசி ‘எல்’லை இரட்டித்துவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அதை எடுத்துவிடுங்கள். அந்தச் சொல்லில் ஏற்கெனவே இரட்டை ‘எல்’ இருப்பதால் கடைசி ‘எல்’ இரு வழக்கிலும் ஒற்றைதான். இதற்கு நேர்மாறாக ‘ஃபுல்ஃபில்’, ‘என்ரோல்’ போன்றவை மூல வடிவத்தில்தான் பிரிகின்றன. பிரிட்டனில் கடைசி ‘எல்’ ஒன்று, அமெரிக்காவில் இரண்டு. இறந்தகாலத்துக்குப் போனதும் இரு தரப்பும் இரண்டு ‘எல்’தான். சீர்செய்கிறேன் என்று ஒன்றைக் கழித்துவிட வேண்டாம்.

சரி, ‘ஃபோகஸ்’ஸுக்கு வருவோம். இரட்டை ‘எஸ்’ஸைப் பிழை என்று விளக்கக் கடிதத்தில் எழுதாதீர்கள். ஆக்ஸ்ஃபோர்ட், மெரியம்-வெப்ஸ்டர் இரண்டு அகராதிகளும் அதை மாற்று வடிவமாக ஏற்கின்றன. ஒற்றை ‘எஸ்’ஸோடு எழுதினால் கடைசி நான்கு எழுத்துகள் ‘அக்யூஸ்’ என்ற வினையின் இறந்தகாலம் போலவே தெரிவதால், உச்சரிப்பு பிசகுமோ என்று தோன்றுவது இயல்பு. இரட்டை ‘எஸ்’ எழுதுபவர்களிடம் ஒரு தர்க்கம் இருக்கத்தான் செய்கிறது.

“அகராதியில் இருந்தால் எல்லாமே சமம்தானே” என்பதும் தவறான எண்ணம். இந்த இடத்தில் அகராதியைப் படிக்கத் தெரிய வேண்டும். மெரியம்-வெப்ஸ்டரில் இரு வடிவங்களுக்கு நடுவில் ‘அல்லது’ என்று பொருள்படும் ‘ஆர்’ என்ற இணைப்புச் சொல் இருந்தால் இரண்டும் ஏறக்குறைய சம வழக்கு. ‘ஆல்ஸோ’ என்று இருந்தால் பின்னால் வருவது குறைந்த வழக்கு, ஆனால் பிழை இல்லை. ‘பிரிட்டிஷ்’, ‘ஆர்க்கேயிக்’ (பழைய வழக்கு) போன்ற அடைமொழிகள் இருந்தால் இடமும் காலமும் பார்த்துப் பயன்படுத்த வேண்டும். இந்தச் சின்னச் சொற்களைத் தாண்டிப் போகிறவர்கள்தான் அகராதியைக் காட்டியே சண்டை போடுகிறார்கள்.

பழைய நூல்களில் ஒரு வடிவம் எவ்வளவு புழங்கியது என்று பார்க்க கூகுள் புக்ஸின் என்கிராம் வரைபடத்தைப் பயன்படுத்துவதாகச் சொன்னீர்கள். நல்ல பழக்கம். 1800-க்கு முந்தைய ஆண்டுகளுக்கு மட்டும் கவனம். அப்போது அச்சில் இருந்த நீண்ட ‘எஸ்’ஸைக் கணினி ‘எஃப்’ என்று படித்துவிடும். அந்தக் காலத்துக் கோடுகளை வைத்து வாதாட வேண்டாம்.

‘இஸட்’ அமெரிக்க எழுத்து என்ற எண்ணம்

உங்கள் திருத்தங்களில் மிக அபாயமானது இதுதான். ‘ஆர்கனைஸ்’, ‘ரியலைஸ்’ போன்ற வினைகளை ‘இஸட்’டோடு எழுதுவது பிரிட்டனில் பல நூற்றாண்டாக இருந்துவரும் வழக்கம். ஆக்ஸ்ஃபோர்ட் ஆங்கில அகராதி அதைத்தான் முதன்மை வடிவமாகத் தருகிறது. காரணம், அந்த விகுதி கிரேக்கத்தில் ‘இஸட்’ ஒலியோடு இருந்தது. ஐக்கிய நாடுகள் சபையும் பிரிட்டிஷ் எழுத்துக்கூட்டலை வைத்துக்கொண்டே இந்த விகுதிக்கு ‘இஸட்’ போடுகிறது. பேராசிரியர் ‘என் ஆங்கிலம் பிரிட்டிஷ் ஆங்கிலம்தான்’ என்று சொல்வது சரி. ‘எஸ்’ வடிவமும் பிரிட்டனில் மிகப் பரவலானது, உங்கள் பதிப்பகம் அதைத் தேர்ந்தெடுத்திருந்தால் அதுவும் சரி. அதைத் தேர்வு என்று சொல்லலாம், திருத்தம் என்று சொல்ல முடியாது.

இதைவிடப் பெரிய விஷயம், நீங்கள் அதைச் செய்த முறை. ஒரே அடியாக மாற்றியபோது கணினி எதையெல்லாம் தொட்டிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். கடல் நூல் இது. கப்பல் கவிழ்வதைச் சொல்லும் ‘கேப்ஸைஸ்’ எப்போதும் ‘இஸட்’தான், அது ‘எஸ்’ ஆகியிருக்கும். பிடிபட்ட எதிரிக் கப்பலைக் குறிக்கும் ‘ப்ரைஸ்’ ‘எஸ்’ ஆகி, நெம்பித் திறத்தல் என்ற வேறொரு வினையாக மாறியிருக்கும். கப்பலைக் கைப்பற்றுவதைச் சொல்லும் ‘சீஸ்’ என்ற வினையும் ‘ஐ-இஸட்-இ’ என்றுதான் முடிகிறது. அது ‘எஸ்’ஸோடு வந்தால் நிலவுடைமை பற்றிய சட்ட வழக்கில் மட்டும் உயிரோடு இருக்கும் அரிய வடிவமாகிவிடும், கணினி அதற்குச் சிவப்புக்கோடு போடும் என்றும் உறுதியில்லை. அளவைக் குறிக்கும் ‘ஸைஸ்’ எல்லாம் என்ன ஆகியிருக்கும்? இந்த நான்கு சொற்களையும் இன்றைக்கே தேடிப் பாருங்கள்.

எதிர்த்திசையிலும் இதே குழிதான். ‘அட்வர்டைஸ்’, ‘அட்வைஸ்’, ‘எக்ஸர்ஸைஸ்’, ‘சூப்பர்வைஸ்’, ‘காம்ப்ரமைஸ்’ ஆகியவை எந்த வழக்கிலும் ‘எஸ்’தான், ஏனென்றால் அங்கே வருவது அந்தக் கிரேக்க விகுதியே அல்ல. ‘அனலைஸ்’ என்பதை ‘இஸட்’ விரும்பும் ஆக்ஸ்ஃபோர்ட்கூட ‘எஸ்’ஸோடுதான் எழுதுகிறது, அமெரிக்க வழக்கில் மட்டும் அது ‘இஸட்’.

‘டீ’ முடிவும் மற்ற சில்லறைகளும்

‘லெர்ன்’, ‘ட்ரீம்’, ‘ஸ்பெல்’, ‘லீன்’, ‘ஸ்பாயில்’ போன்றவற்றுக்கு பிரிட்டனில் ‘டீ’ வடிவம், ‘இ-டி’ வடிவம் இரண்டும் சகஜம். அமெரிக்கா பெரும்பாலும் ‘இ-டி’யை விரும்புகிறது. பிரிட்டிஷ் வழக்குப் பதிப்பகத்தில் இவற்றை மாற்ற வேண்டிய அவசியமே இருக்கவில்லை. நூல் முழுவதும் ஒரே வடிவமாக இருக்கிறதா என்று பார்த்திருந்தாலே போதும். மாற்றியதில் தொல்லையும் வந்திருக்கிறது. ‘பர்ன்ட் அம்பர்’ என்பது ஒரு நிறத்தின் பெயர், அதற்கு ‘இ-டி’ போட முடியாது. உலோகத்தை உருக்கிப் பிரிக்கும் ‘ஸ்மெல்ட்’ தனி வினை. அது முகர்ந்த ‘ஸ்மெல்ட்’டோடு சேர்ந்து மாறியிருந்தால், கொல்லன் இரும்பை முகர்ந்து பார்த்ததாக நூல் சொல்லும்.

வினையோடு ‘ஐ-என்-ஜி’ சேரும்போது ‘இ’ என்ற எழுத்து நிற்பதா போவதா என்ற கேள்விக்கு நீங்கள் கொடுத்த பட்டியல் நன்றாகவே இருக்கிறது. துணிக்குச் சாயமேற்றும் ‘டை’யில் ‘இ’ நின்றாக வேண்டும், இல்லாவிட்டால் அது சாவைக் குறிக்கும். பொசுக்குதலைச் சொல்லும் ‘ஸிஞ்ச்’சில் ‘இ’ போனால் பாடுவதாகிவிடும். ‘கியூ’வில் நிற்பதற்கு இரண்டு வடிவமும் சரி. கணிதத்தில் வரிசைக் கோட்பாட்டுக்காரர்கள், ஐந்து உயிரெழுத்து தொடர்ந்து வரும் நீள வடிவத்தையே விரும்புகிறார்கள். வழித்தடம் வகுக்கும் ‘ரூட்’டுக்குப் பேராசிரியர் ‘இ’யை வைத்து எழுதியதை வெட்டிவிட்டீர்கள். பிரிட்டனின் ரயில்துறை வழித்தட வழிகாட்டியின் பெயரிலேயே அந்த ‘இ’ இருக்கிறது. தோற்கடித்து விரட்டும் ‘ரவுட்’ என்ற வினையோடு குழப்பம் வராமலிருக்க அது உதவுகிறது, கடற்போர் பற்றிய அத்தியாயத்தில் இது சின்ன விஷயமல்ல. அதை மீட்டுத்தாருங்கள்.

யாருக்கு எதில் உரிமை?

பேராசிரியர் ‘எல்லாவற்றையும் பழையபடி ஆக்கு’ என்று கேட்பதை முழுமையாக ஏற்க வேண்டிய கட்டாயம் பதிப்பகத்துக்கு இருக்கிறதா என்பது ஒப்பந்தத்தைப் பொறுத்தது. பதிப்பகத்தின் நடைவிதிகளுக்கு ஏற்பத் திருத்தலாம் என்று ஒப்பந்தத்தில் வரி இருந்தால், அவருடைய சொந்த நடையில் ‘ஃபோகஸ்’ஸுக்கு ஒற்றை ‘எஸ்’ போட உங்கள் பக்கம் இடம் உண்டு. அப்படி ஒரு வரி இல்லையென்றால், அவர் தேர்ந்த வடிவம் அகராதியில் இருந்து, நூல் முழுவதும் சீராகவும் இருந்தால் விட்டுவிடுவதே நல்லது. அவரே ஓரிடத்தில் ஒன்று, இன்னோரிடத்தில் ஒன்று என்று எழுதியிருந்தால், எதை வைப்பது என்று அவரிடமே கேளுங்கள். மேற்கோள்கள், துறைச்சொற்கள், நிறுவனங்களின் பெயர்கள் ஆகியவற்றுக்கு நடைவிதி பொருந்தாது, ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் சரி.

உங்கள் முன்னால் மூன்று வழி இருக்கிறது. எல்லாவற்றையும் அப்படியே பின்வாங்கினால் பேராசிரியர் அமைதியாவார், ஆனால் நீங்கள் சரியாகத் திருத்திய உண்மையான பிழைகளும் அதோடு திரும்பி வந்துவிடும். எதையும் மாற்ற மாட்டேன் என்று நின்றால் கப்பல் கவிழ்வது தப்பான எழுத்தில் அச்சாகும், பழி உங்கள்மேல் நிற்கும். மூன்றாவது, பிரித்துச் செய்வது. அதைத்தான் சொல்வேன், வேலை கூடுதல் என்றாலும்.

விளக்கக் கடிதம்

மேலாளருக்கு எழுதும்போது அகராதிகளோடு ஆரம்பிக்காதீர்கள். மேற்கோள்களைத் தொட்டது தவறு, அவற்றை மூலப் பிரதியோடு ஒப்பிட்டு மீட்டுவிட்டேன் என்பது முதல் வரியாக இருக்கட்டும். அதை எழுதும்போது மீட்பு வேலை முடிந்திருக்க வேண்டும், ‘மீட்டுவிடுகிறேன்’ என்று எதிர்காலத்தில் எழுதினால் யாரும் சமாதானமாக மாட்டார்கள். அடுத்து, ஒரே அடியாக மாற்றியதால் கெட்டுப்போன சொற்களின் பட்டியல், ஒவ்வொன்றுக்கும் பக்க எண். மூன்றாவதாக, பேராசிரியரின் சொந்த நடையில் நீங்கள் விரும்பும் மாற்றங்கள், ஒவ்வொன்றையும் ‘மாற்று வடிவம், நடைவிதிக்காகக் கேட்கிறோம்’ என்ற குறிப்போடு. ‘பிழை’ என்ற சொல் இந்த மூன்றாம் பட்டியலில் எங்கும் வரக்கூடாது. கடைசியாக, யாரும் மறுக்க முடியாத உண்மையான பிழைகள். ‘லீட்’ என்ற வினையின் இறந்தகாலத்தில் அவர் ஈயத்தைக் குறிக்கும் எழுத்துக்கூட்டலைப் போட்டிருந்ததை நீங்கள் பிடித்திருக்கிறீர்கள். சாதாரண ஸ்பெல்-செக் பிடிக்காத பிழை அது. அடக்கமாக, ஆனால் தெளிவாகச் சொல்லுங்கள்.

வேலை போய்விடுமா என்று என்னால் உறுதி சொல்ல முடியாது, உங்கள் மேலாளரை எனக்குத் தெரியாது. ஆனால் உடனே நீக்க நினைத்தவர் விளக்கம் கேட்டு ஒரு வாரம் கொடுக்க மாட்டார். நடைவிதித் தாளை உங்களுக்கு யாராவது கொடுத்தார்களா என்பது கடிதத்தில் இல்லை. கொடுக்கவில்லை என்றால் அதையும் எழுதுங்கள், குற்றச்சாட்டாக வேண்டாம், கோரிக்கையாக. அது இல்லாமல் மெய்ப்புப் பார்க்கச் சொல்வது உங்களுக்கும் நியாயமில்லை, நூலுக்கும் நல்லதில்லை.

பேராசிரியருக்கு நீங்கள் நேரடியாக எழுதலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். மேலாளர் சம்மதித்தால் தாராளமாக எழுதுங்கள். கீல் பூசுவதைப் பற்றிய அந்த வினைச்சொல் உங்களுக்குத் தெரிந்திருக்கவில்லை, இப்போது தெரிந்துகொண்டீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அப்புறம் இனி எந்த மாற்றத்தைச் செய்தாலும் மாற்றங்களைக் குறித்துக் காட்டும் ‘ட்ராக் சேஞ்சஸ்’ வசதியைப் போட்டுவிட்டே கோப்பைத் திறங்கள். மூலக் கோப்பின் ஒரு பிரதியைத் தொடாமல் தனியாக வையுங்கள். இந்த முறை அப்படி ஒரு பிரதி உங்களிடம் இல்லையென்றால், மேற்கோள்களை மீட்பதற்கு முன் பேராசிரியரிடமே முதல் கோப்பைக் கேட்டு வாங்கிவிடுங்கள். நினைவிலிருந்து எதையும் மீட்க வேண்டாம்.